அதியமான் நாடகத்துக்கு வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மட்டும்: மேலை நாடக இசையை எப்படி மாற்றி எழுதுவது?

தகடூரான் (தருமபுரி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் நாங்கள் சிலர் சேர்ந்து அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றைப் பள்ளி மண்டபத்தில் அரங்கேற்றவிருக்கிறோம். ஔவையார் தொண்டைமானிடம் தூது செல்வது, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிடுவது, அஞ்சி களத்தில் வீழ்வது, இறுதியாகப் புறநானூற்றில் 235ஆம் பாடலாக உள்ள ஔவையாரின் இரங்கல் என்று பிரதி நான்கு பகுதிகளாக அமைந்திருக்கிறது.

இசைக்குப் பதிவுசெய்த ஒலிநாடாவைப் போடக் கூடாது, மேடையோரம் அமர்ந்து நேரடியாகவே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பெங்களூருக்குச் சென்று மேலை இசை பயிலும் ஓசூர்ப் பக்கத்து மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஆனால் கிடைத்திருப்பவர்கள் வயோலா ஒருவர், செல்லோ மூவர், டபுள் பேஸ் ஒருவர். வயலின் வாசிப்பவர் எவரும் இல்லை. முதலில் இதைக் குறையாகவே எண்ணினோம். ஒத்திகையில் அந்தக் கனத்த ஒலியைக் கேட்டபின், முற்றுகைக்கும் சாவுக்கும் இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமையாது என்றே எங்கள் இயக்குநர் சொல்கிறார்.

மேலை நாடுகளில் நாடகங்களுக்கென்றே எழுதப்பட்ட பழைய இசையிலிருந்து சில துண்டுகளை எடுத்து இந்த ஐவருக்கும் ஏற்ப மாற்றி எழுதலாம் என்று நினைக்கிறோம். இப்சனின் பேர் கிந்த் நாடகத்துக்குக் கிரீக் எழுதியவையும், அப்தலாசர் என்ற நாடகத்துக்குப் பர்செல் எழுதியவையும் எங்கள் பட்டியலில் உள்ளன. வயலின் பகுதியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி இறக்கி வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது, மெட்டு நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே உள்ள சுரக்கூட்டுகள்தாம் பிரித்தறிய முடியாத உறுமலாகிவிட்டன. இதற்கு முறையான வழி என்ன? மேலும், எங்கள் குழுவில் விருத்தம் பாடும் பெரியவர் ஒருவர் இரண்டு கட்டையில் ஆர்மோனியத்தோடு பாடுகிறார். அவருடைய சுருதியையும் இந்த இசையின் சுருதியையும் இணைக்க இயலுமா? வசனம் ஓடும்போது பின்னால் வாசிக்கலாமா, கூடாதா என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

---

ஓசூர்_செல்லோ

வணக்கம் ஐயா. உங்களுக்குக் கேட்ட உறுமலுக்குக் காரணம் மாணவர்களின் கைத்திறன் அன்று, காதின் இயல்பு. செல்லோவின் அடித்தந்தியான சி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள ஈ 82 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே 17 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால், காது அவற்றை இரு தனிச் சுரங்களாகப் பிரித்துக் கேட்காமல், கரகரப்பான ஒரே திரளாகக் கேட்கிறது. இதே சி, ஈ இரண்டையும் இரண்டு ஸ்தாயி மேலே வைத்தால் இடைவெளி 68 ஹெர்ட்ஸாக விரிந்து, இனிமையான இணைப்பாகிவிடும். வயலினுக்கு எழுதப்பட்ட நெருக்கமான சுரக்கூட்டை அப்படியே இறக்கினால் உறுமாமல் என்ன செய்யும்?

ஆகவே மெட்டை இறக்குங்கள். அதன் கீழுள்ள கூட்டை இறக்காமல் பிரித்து அடுக்குங்கள். டி மைனர் கூட்டை எடுத்துக்கொண்டால், டபுள் பேஸ் தன் டி தந்தியைத் திறந்தே வாசிக்கட்டும். அது 73 ஹெர்ட்ஸ். மூன்றாம் செல்லோ அதற்கு மேல் ஏ, 110. கூட்டின் குணத்தைத் தீர்மானிக்கும் எஃப் என்ற சுரத்தை அந்த இரண்டுக்கும் நடுவில் திணிக்காமல், ஒரு ஸ்தாயி தள்ளி 175 ஹெர்ட்ஸில் இரண்டாம் செல்லோவுக்குக் கொடுங்கள். முதல் செல்லோ திறந்த ஏ தந்தி, 220. அதற்கும் மேலே வயோலாவின் டி. இப்போது அதே மூன்று சுரங்கள்தாம், ஆனால் கோயில் மணியின் ரீங்காரம்போல் அடியிலிருந்து மேல்வரை ஒழுங்காக விரியும். நடுவிலுள்ள சி என்ற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே எல்லை ஒன்றை மனத்துக்குள் போட்டுக்கொண்டு, அதற்குக் கீழே ஐந்தாம் இடைவெளியும் (ச–ப) எட்டாம் இடைவெளியும் (ச–மேல் ச) தவிர வேறெதையும் எழுதாமலிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுருதியைப் பற்றிய உங்கள் கேள்வி மிக நல்ல கேள்வி. பெரியவர் இரண்டு கட்டையில் பாடுகிறார் என்றால் அவருடைய ஷட்ஜம் டி. செல்லோவின் நான்கு தந்திகளை மேலிருந்து சொன்னால் ஏ, டி, ஜி, சி. இரண்டு கட்டைக்கு இவை முறையே பஞ்சமம், ஷட்ஜமம், சுத்த மத்தியமம், கைசிகி நிஷாதம் ஆகின்றன. வயோலாவுக்கும் இதே தந்திகள்தாம், ஒரு ஸ்தாயி மேலே. டபுள் பேஸில் ஜி, டி, ஏ, ஈ. அந்த ஈ சதுச்ருதி ரிஷபம். அதாவது ஐந்து கருவிகளிலும் உள்ள எல்லாத் திறந்த தந்திகளும் நடபைரவியின் சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தத் தந்தியை மீட்டினாலும் அதோடு ஒத்துப்போகும் மற்றத் தந்திகள் கூடவே அதிரும் என்பதால், ஐவர் வாசிப்பது பத்துப் பேர் வாசிப்பதுபோல் நிறைந்து கேட்கும். டி மைனரில் முடிப்பு வரும் இடங்களில் மட்டும் நிஷாதத்தைக் காகலியாக உயர்த்தினால் கீரவாணியின் சாயல் வரும். பெரியவர் விருத்தத்தைக் கீரவாணியில் முடித்தால், அந்த இடத்திலிருந்தே கருவிகள் தொடரலாம். இடையில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாது.

நீங்கள் குறிப்பிட்ட அப்தலாசர் இசையில் வரும் பர்செலின் ரோந்தோ (பல்லவிபோல் ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும் மெட்டு) டி மைனரில்தான் இருக்கிறது. சுருதியை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. 1695இல், தம் கடைசி ஆண்டில், அவர் அந்த நாடகத்தின் மறு அரங்கேற்றத்துக்காக எழுதியது அது. பிற்காலத்தில் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர் இதே மெட்டை எடுத்து, இசைக்குழுவின் கருவிகளை இளையோருக்கு அறிமுகப்படுத்தும் ஒரு படைப்பை உருவாக்கியதால், உங்கள் மாணவர்களுக்கு அது முன்பே பழகியிருக்கும். வயலின் மெட்டை ஒரு ஸ்தாயி இறக்கி முதல் செல்லோவின் மேல் தந்தியில் வையுங்கள். வயோலாவுக்கு அதன் இரண்டாம் குரல். கீழே டபுள் பேஸ் மட்டும் விரலால் மீட்டட்டும்.

கிரீக் சற்றுச் சிக்கலானவர். பேர் கிந்த் நாடகத்தில் வரும் மலையரசன் மண்டபக் காட்சிக்கும் ஓசே என்ற தாயின் மரணத்துக்கும் அவர் எழுதியவை இரண்டுமே பி மைனர். செல்லோவின் அடித்தந்தி சி என்பதால், அதற்கு அரைச்சுரம் கீழே உள்ள பி செல்லோவில் இல்லவே இல்லை. திறந்த சி தந்தியோ பி மைனருக்கு அந்நியமான சுரம். முழு இசைக்குழுவில் இது பொருட்டன்று. செல்லோவை நம்பியே நிற்கும் ஐவருக்கு அது கையைக் கட்டிப்போடுவதுபோல் ஆகிவிடும். இரண்டையும் டி மைனருக்கு மாற்றிவிடுங்கள்.

---

காரிமங்கலம்_களரி

தகடூரான் அவர்களுக்கு வணக்கம். ஓசூர் நண்பர் கருவியின் பக்கமிருந்து சொன்னவை அனைத்தும் ஏற்கத்தக்கவை. நான் நாடகத்தின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். சிறு வயது முதல் எங்கள் பகுதியில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

மலையரசன் இசையை முற்றுகைக் காட்சிக்கு வைக்க வேண்டாம். அது மோசமான இசை என்பதால் அன்று. அளவுக்கு மீறி அறிமுகமான இசை என்பதால். மெல்ல அடியெடுத்து, படிப்படியாக வேகமும் ஓசையும் கூடி வெடிக்கும் அந்த மெட்டை விளம்பரங்களிலும் கார்ட்டூன்களிலும் கேட்காத பிள்ளை இன்று இல்லை. சேரன் படை கோட்டையை நெருங்குகிறபோது மண்டபத்தின் பின்வரிசையில் மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினால், பிறகு அஞ்சியின் சாவுக்கு எவரும் அழமாட்டார்கள்.

பர்செலை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன், அதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்து இலண்டன் அரங்குகளில், மக்கள் வந்து அமர்கிற நேரத்திலேயே முதல் இசை, இரண்டாம் இசை என்று வாசித்து, திரை விலகுமுன் ஓவர்ச்சர் என்ற தொடக்க இசையும், அங்கத்துக்கு அங்கம் நடுவே தனித்தனி மெட்டுகளும் வாசித்தார்கள். நம் கூத்தில் வேடம் எதுவும் வெளியே வருமுன் ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து களரி கட்டுவதும் இதே வேலைக்குத்தான்: ஊரைக் கூட்டுவது, பேச்சை அடக்குவது, காதைத் திறப்பது. ஆகவே உங்கள் நாடகம் தொடங்குமுன் இந்த ஐவரையும் பத்து நிமிடமாவது வாசிக்க விடுங்கள். மணி அடித்து, விளக்கை அணைத்து, வரவேற்புரையும் பொன்னாடையும் முடிந்தபின் திடீரென்று சோகமாக இழுக்கத் தொடங்கினால், சனம் அதற்குள் போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். (வரவேற்புரையை நாடகம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்பது என் நெடுநாள் கோரிக்கை, இதுவரை எந்த விழாக் குழுவும் கேட்டதில்லை.)

இரண்டாவது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. கூத்தில் வேடக்காரர் காலைப் பார்த்து மத்தளக்காரர் தீர்மானம் (தாள முடிப்பு) வைக்கிறார். ஏடு பார்த்து வாசிக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரம் இருக்காது. தேர் நிற்க வேண்டிய இடத்தில் நடிகர் நின்றுவிட்டபின்னும் ஏட்டில் இன்னும் பன்னிரண்டு வரி மிச்சமிருக்கும். எனவே எழுதும்போதே, நான்கு வட்டத்துக்கு ஒருமுறை வெளியேறும் வழி இருக்குமாறு எழுதச் சொல்லுங்கள். நாடகம் முழுவதும் நடிகரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஐவருக்குள் இருக்க வேண்டும். டபுள் பேஸ்காரர் நின்றுகொண்டு வாசிப்பவர் என்பதால் அவரே அதற்குத் தகுந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

ஓசூர்_செல்லோ

காரிமங்கலத்தார் சொன்ன வெளியேறும் வழி பர்செலின் ரோந்தோவிலேயே அமைந்திருக்கிறது. பல்லவிபோல் ஒரு பகுதி, பிறகு வேறொன்று, மீண்டும் பல்லவி, பிறகு இன்னொன்று, மீண்டும் பல்லவி. ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாளக்கட்டு. பல்லவி முடியும் எந்த இடத்திலும் நிறுத்தலாம், அது முழுமையாகவே ஒலிக்கும். காட்சி மாற்றத்துக்கு மேசை நாற்காலி நகர்த்தி முடியவில்லையென்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

மலையரசனை விட்டுவிடலாம் என்றே நானும் இப்போது சொல்வேன். அதன் இடத்துக்குப் பர்செலிடமே இன்னொன்று இருக்கிறது. டிரைடன் எழுதிய ஆர்தர் மன்னன் என்ற 1691ஆம் ஆண்டு நாடகத்தில், பனியில் உறைந்து கிடக்கும் குளிர்த் தேவன் விழித்தெழுந்து நடுங்கிக்கொண்டே பாடும் காட்சி வருகிறது. அதற்குத் தந்திக் கருவிகள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப நடுங்கும் வில்லோடு வாசிக்க, சுரக்கூட்டுகள் அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவிக்கொண்டே போகும். பாட்டை விட்டுவிட்டு, பாடகரின் பகுதியை மூன்றாம் செல்லோவுக்குக் கொடுத்துப் பாருங்கள். முற்றுகையின் எட்டாம் நாள் இரவு, உள்ளே தானியம் குறைந்துகொண்டே போகிற கோட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஓசை என் நினைவுக்கு எட்டவில்லை. அது சி மைனர், ஒரு கட்டை. சி, ஜி இரண்டும் திறந்த தந்திகள். அந்தக் காட்சியில் பெரியவர் பாடாவிட்டால் சுருதியை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். டி மைனரிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரு முழுச்சுரம் இறங்கியதும் தரையே தாழ்ந்ததுபோல் இருக்கும்.

---

தகடூரான் (தருமபுரி)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மலையரசன் காட்சி இசையைக் கைவிடுவது என்று இயக்குநரும் ஒப்புக்கொண்டார். வரவேற்புரையைப் பின்னால் தள்ளுவது மட்டும் எங்கள் கையில் இல்லை. பள்ளித் தாளாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது இறுதிக் காட்சிதான் மிச்சம். அஞ்சியின் உடலருகே ஔவையார் நின்று இரங்கல் சொல்லும்போது கிரீக்கின் ஓசே மரண இசையை அடியில் ஓடவிடலாம் என்பது எங்கள் திட்டம். ஔவையாராக நடிப்பவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை, கணீரென்ற குரல். அஞ்சியாக நடிப்பவருக்கு நல்ல கட்டைக்குரல், அவர் அதற்கு முந்தைய காட்சியில் நீண்ட வசனம் பேசுகிறார். அங்கேயும் இசை வேண்டும் என்று அவரே கேட்கிறார். மண்டபம் ஏறத்தாழ முந்நூறு பேர் அமரக்கூடியது. மேலே தகரக் கூரை, மேடை சிமெண்டுத் தளம். ஒலிபெருக்கிக்கு உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரர் வருகிறார். கருவிகளுக்கும் மைக் வைக்க வேண்டுமா?

---

கிருஷ்ணகிரி_ஒலி

வணக்கம். திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாணம், சர்ச் ஆராதனை என்று எல்லாவற்றுக்கும் ஒலியமைத்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், வருகிற சவுண்ட் சர்வீஸ்காரரிடம் என்ன ஸ்பீக்கர் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். கோன் ஸ்பீக்கர் என்றால் கருவிகளுக்கு மைக் வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. கூம்பு வடிவ ஸ்பீக்கர், மனிதக் குரலைத் தொலைவுக்கு எறிவதற்கென்றே செய்யப்பட்டது. பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் சரியாக வராது. நண்பர் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய 73, 110, 175, 220 எல்லாமே அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கின்றன. மேலே எழும் கிளைச்சுரங்களை வைத்துக் காது மெட்டை ஊகித்துக்கொள்ளும் என்றாலும், செல்லோவின் கனம் போய், டப்பாவுக்குள் யாரோ அரத்தால் தேய்ப்பதுபோல் வரும். பன்னிரண்டு அல்லது பதினைந்து அங்குலப் பெட்டி ஸ்பீக்கர் என்றால் யோசிக்கலாம்.

முந்நூறு பேர் மண்டபத்தில் ஐந்து தாழ்சுரக் கருவிகளுக்கு மைக் தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்கு ஈடாக அவர்களை உட்கார வைக்கும் இடத்தில் கவனம் செலுத்துங்கள். தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் சம அளவில் பரவும். பின்னால் சுவரும் பக்கத்தில் ஒரு சுவரும் இருந்தால் வீணாகப் பின்னே போவது திரும்பி முன்னே வரும். மேடையோரத்தில் சுவர்மூலை கிடைத்தால் அங்கே டபுள் பேஸை நிறுத்துங்கள். செல்லோவின் அடியில் உள்ள கம்பி சிமெண்டில் ஊன்றினால் தளம் அதிராது. உள்ளே வெற்றிடமுள்ள பலகைமேடை ஒன்றை, பள்ளியில் பேச்சாளர் ஏறி நிற்பதற்கு வைத்திருப்பார்களே அதைப் போன்ற ஒன்றை, கீழே போட்டு அதன்மேல் ஊன்றச் சொல்லுங்கள். பலகை முழுவதும் சேர்ந்து ஒலிக்கும். முதல்முறை கேட்பவர்கள் எங்கோ ஸ்பீக்கர் இருக்கிறது என்று தேடுவார்கள்.

வசனத்துக்குப் பின்னால் வாசிப்பதைப் பற்றி. ஆணின் பேச்சுக்குரல் பெரும்பாலும் 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்ணின் குரல் 165 முதல் 255 வரையிலும் அடிச்சுரம் கொண்டது. அஞ்சியின் கட்டைக்குரல் வந்து விழுகிற இடமும் செல்லோவின் நடுத்தந்திகள் ஒலிக்கிற இடமும் ஒன்றே. இருவரும் ஒரே பாதையில் போனால் தோற்பவர் நடிகர்தான். தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதால், மெய்யெழுத்துகள் மழுங்கி, வசனம் புரியாமல் போகும். ஆகவே அவருடைய வசனத்தில் செல்லோக்கள் மூன்றும் வில்லை மடியில் வைத்துவிட்டு, டபுள் பேஸ் மட்டும் அடிச்சுரம் ஒன்றை மெல்ல நீட்டினால் போதும். அவர் கேட்டாலும் அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஔவையார் காட்சி நேர்மாறானது. பெண்குரல் செல்லோவின் கனத்துக்கு மேலே தனித்து நிற்கும். அங்கே நீங்கள் தாராளமாக வாசிக்கலாம், மெதுவாக வாசிக்கும்வரை. ஒன்றே ஒன்று: தகரக் கூரை. மாலையில் மழை பிடித்துக்கொண்டால், கையறுநிலையும் கேட்காது, கிரீக்கும் கேட்கமாட்டார். நாள் குறிக்கும்போது ஐப்பசியைத் தவிர்த்துவிடுங்கள்.

---

ஓசூர்_செல்லோ

கிருஷ்ணகிரி நண்பர் சொன்னதைக் கேட்டபின் ஓசே மரணத்தை எப்படிப் பங்கிடலாம் என்று ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்.

மூலம் தந்திக் கருவிகளுக்கு மட்டுமே எழுதப்பட்டது. குழலோ முழவோ அதில் கிடையாது. அதனாலேயே ஐவருக்குச் சுருக்கும்போது எதையும் வெட்டி எறிய வேண்டியதில்லை. எல்லாக் குரல்களும் ஒரே நடையில் சேர்ந்தே அடியெடுத்து வைக்கும் துதிப்பாடல் போன்ற அமைப்பு. 1876இல் கிறிஸ்தியானியாவில், இன்றைய ஓஸ்லோவில், அந்த நாடகம் முதன்முதலில் மேடையேறியபோது மூன்றாம் அங்கத்துச் சாவுக்காக ஒலித்தது இது. மகன் தாயின் படுக்கையையே வண்டியாகக் கற்பனை செய்து, அவளைச் சொர்க்கத்து விருந்துக்கு ஓட்டிப்போவதாகக் கதை சொல்லிக்கொண்டே இருக்க, அவள் இறந்துபோகிறாள். ஒருவர் பேசப் பேச இன்னொருவர் இல்லாமல் போகிற காட்சிக்கு எழுதிய இசை என்பதால், ஔவையார் அஞ்சியின் கொடையையும் கள்ளையும் சோற்றையும் நினைவுகூர்ந்து சொல்லும் இடத்தில் அது உறுத்தாது.

பி மைனரிலிருந்து ஒன்பது அரைச்சுரம் இறக்கினால் டி மைனர். தொடக்கச் சொற்றொடரை மூன்று செல்லோக்களும் டபுள் பேஸும் மட்டும் வாசிக்கட்டும். வயோலா வாய் திறக்க வேண்டாம். அதே சொற்றொடர் ஐந்து சுரம் உயர்ந்து திரும்பி வரும்போது மெட்டு வயோலாவுக்குப் போகிறது, முதல் செல்லோ ஒரு ஸ்தாயி கீழே அதையே இரட்டிக்கிறது. ஒலி உச்சத்தை எட்டும் இடத்தில் ஔவையார் பேசக் கூடாது. இதை நடிகையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அந்த இடம் அவருடைய மூச்சுக்கானது. அதற்கடுத்து மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாகத் தளர்ந்து இறங்கத் தொடங்கும். பாட்டின் வரிகளை அங்கிருந்து அவர் சொல்லத் தொடங்கினால், இசை தானாகவே அவர் குரலுக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிடும். இறங்கும் பகுதியில் வயோலாவிடமிருந்து மெட்டை முதல் செல்லோ வாங்கிக்கொள்ள வேண்டும். கைமாறும் இடத்தில் இருவரும் ஒரு சுரத்தைச் சேர்ந்து வாசித்தால் தையல் தெரியாது.

கிரீக் இதற்கு மியூட் (தந்தியின் ஒலியை மங்கச் செய்யும் சிறு பிடிப்பான்) கேட்கிறார். செல்லோவுக்கான ரப்பர் மியூட் பெங்களூரில் எளிதாகக் கிடைக்கும். டபுள் பேஸுக்குக் கிடைக்கவில்லையென்றால், மரத் துணிக்கிளிப் இரண்டை, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்விளிம்பில் கடிக்க வைத்தாலும் ஒலி மங்கும். பயிற்சிக்கென்று விற்கும் கனமான உலோக மியூட்டை மட்டும் எவரும் மாட்டிவிட வேண்டாம். மூன்றாம் வரிசைக்குமேல் ஒன்றும் கேட்காது.

உரிமை பற்றி எவரேனும் கேட்டால்: பர்செல் 1695இலும் கிரீக் 1907இலும் மறைந்தவர்கள். இங்கே ஆசிரியர் மறைந்தபின் அறுபது ஆண்டுகள் வரைதான் உரிமை என்பதால் மூலத்தை நீங்கள் தாராளமாக மாற்றி எழுதலாம். அண்மையில் வேறொருவர் செல்லோக்களுக்கென்று மாற்றி எழுதி விற்கும் ஏட்டை அப்படியே நகலெடுப்பது வேறு விஷயம். அது அவருடைய உழைப்பு.

---

வயோலா_வாசிப்பவள்

தகடூரான் ஐயா குறிப்பிட்ட அந்த ஒரே வயோலா நான்தான். ஓசூர் அண்ணாவின் வரைவைப் படித்தேன். ஓசே காட்சியின் தொடக்கத்தில் என்னைச் சும்மா இருக்கச் சொன்னதற்கு நன்றி. அதற்குமுன் குளிர்த் தேவன் காட்சி முழுவதும் வில்லை நடுங்கவைத்துவிட்டு வருகிற கைக்கு அந்த ஓய்வு கட்டாயம் தேவை. வேண்டுகோள்கள் இரண்டு மட்டும் இருக்கின்றன. இந்த ஐந்து பேரில் எனக்கு மேலே வேறு எவரும் இல்லை என்பதால், எழுதுபவர்கள் எல்லா மெட்டையும் என்மீதே ஏற்றிவிடுகிறார்கள். செல்லோவின் ஏ தந்தி என் தந்தியைவிடப் பாடும் குணம் கொண்டது. களரி கட்டும் பத்து நிமிடத்திலாவது மெட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, என்னை நடுக்குரலில் விடலாம். மற்றொன்று, எனக்குரிய ஏட்டை ஆல்டோ க்ளெஃபில் (வயோலாவுக்கு வழக்கமான சுரக்குறியீட்டில்) எழுதித் தாருங்கள். போன ஒத்திகையில் வந்தது வயலின் க்ளெஃபிலேயே இருந்தது.

---

தகடூரான் (தருமபுரி)

ஆல்டோ க்ளெஃப் ஏடு இந்த வார இறுதிக்குள் வந்து சேரும் அம்மா. பல்லவிக்கு மெட்டை முதல் செல்லோவுக்கே மாற்றிவிட்டோம். பலகைமேடைக்குப் பள்ளியில் கேட்டாயிற்று. இரண்டு தருவதாகச் சொல்கிறார்கள், மூன்று செல்லோவுக்கு அது போதுமா என்று கிருஷ்ணகிரி நண்பர் சொல்ல வேண்டும். அஞ்சியாக நடிப்பவரிடம் டபுள் பேஸ் மட்டும்தான் என்ற செய்தியை இயக்குநரே சொல்லிக்கொள்வார்.

---

கிருஷ்ணகிரி_ஒலி

இரண்டு போதும். ஒன்றில் முதல் செல்லோ, மற்றொன்றில் மற்ற இருவர். இடையில் இடைவெளி விடாமல் ஒட்டிப் போடுங்கள், ஆனால் பின்சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் பலகை கடகடக்கும். ஒத்திகையன்று ஒருவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, ஔவையாரின் வசனத்தை ஏடு பார்க்காமல் எழுதிக்கொள்ளட்டும். எழுத முடியாத சொல் எதுவோ, அந்த இடத்தில்தான் இசையைக் குறைக்க வேண்டும்.